பாதி அபராதம்

எவனோ ஒருத்தன் சார், உள்ள ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு எனக்குன்னே இந்த நோட்டீஸ அச்சடிச்சிருக்கான். "பத்து நாளுக்குள் கட்டினால் பாதி தள்ளுபடி"ன்னு முன்னாடி கொட்டை எழுத்துல. மூணாவது தடவை என்ன நடக்கும்ங்கறது பின்பக்கம், எறும்பு ஊர்ற மாதிரி. இது நகராட்சி ஆபீஸா, துணிக்கடையா?

உங்க டோக்கன் எத்தனை? அறுபத்தொண்ணா... நேரமிருக்கு, உக்காருங்க. நீங்களும் வீட்ட நாள் வாடகைக்கு விடறவர்தானே? மொத நோட்டீஸ் போல, மடிப்புக்கூடக் கலையல.

நான் பத்து வருஷம் யாரோ ஒருத்தர் லாட்ஜுல கக்கூஸ் கழுவி, மேக்கொண்டு கடன வாங்கி மாடி எடுத்தவ சார். ரெண்டு ரூம். அதுல வர்றதுலதான் தவணை ஓடுது. மொத தடவை, தங்க வந்தவங்க குப்பைப் பைய ஒரு நாள் முன்னாடியே தெருவுல வெச்சுட்டாங்க. அபராதம். பாதி தள்ளுபடின்னா நான் விடுவேனா? மறுநாளே கட்டிட்டேன். ரெண்டாவது... நாலு பேருக்குத்தான் லைசென்ஸ், ஆறு பேர் இருக்காங்கன்னு எழுதிட்டாங்க. அதுல ரெண்டு பேரு சும்மா பாக்க வந்தவங்க சார், டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு, "விசாரணைக்குப் போய்ச் சொல்லு, அபராதத்தையே ரத்து பண்ணிடுவாங்க"ன்னாரு. மனுஷனுக்கு வெவரம் பத்தாதுன்னு நெனச்சேன். விசாரணைக்குப் போனா தள்ளுபடி போயிடுமே. அதையும் பாதியில கட்டிட்டேன்.

மூணாவது, விளம்பரத்துல லைசென்ஸ் நம்பர் போடலையாம். அபராதம் இப்ப ரெண்டு மடங்கு. ரெண்டு மடங்குல பாதி, பழைய வெலைதானே? அதுலயும், "வாடிக்கையா வர்றவ, இன்னும் கொஞ்சம் பாத்துப் போடும்மா"ன்னேன். கவுன்ட்டர் பொண்ணு சிரிச்சுச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன்.

போன வாரம் லெட்டர். தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டா தப்ப ஒத்துக்கிட்டதா அர்த்தமாம். ஒரே வருஷத்துல மூணு தடவை ஒத்துக்கிட்டாச்சு, அதனால லைசென்ஸ் ஒரு வருஷம் ரத்து. தவணைய யாரு கட்டுறது? ரூம் காலின்னதும் எங்க நாத்தனா குடும்பத்தோட வந்து இருந்துக்கறேங்கறா. அவகிட்ட வாடகை கேக்கற தைரியம் எனக்கே கெடையாது சார்.

என் கையப் புடிச்சு யாரும் எழுத வெக்கல, தெரியும். மூணுலயும் பளிச்சுன்னு என் கையெழுத்துதான்.

அறுபத்தொண்ணு கூப்பிடறாங்க, போங்க. ஆனா விசாரணை வேணும்னு மட்டும்... சார்? சார், அங்க எதுல கையெழுத்துப் போடறீங்க? பேனாவ வைங்க சார். பாதின்னதும் பல்லைக் காட்டறாரு பாரு, என்னைய மாதிரியே.

ஏம்மா, அந்த நோட்டீஸ அச்சடிச்சவர வெளிய வரச் சொல்லு. எனக்குத் தள்ளுபடியே வேணாம். மிச்சம் புடிச்ச மூணு பாதியையும் எடுத்துட்டு வந்திருக்கேன், முழுசா வெச்சுக்கட்டும். அந்த ரெண்டாவது கையெழுத்த மட்டும் அடிச்சுட்டு, ஆறு பேர்ல ரெண்டு பேரு டீ குடிக்க வந்தவங்கன்னு அவரு கையால எழுதித் தரட்டும்.