நாற்பது நிமிடச் சுத்தக் காற்று

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது. சென்ட், பவுடர் எதுவும் ஆகாது. இருபத்தாறு வருடமாக நான் வறண்ட தலையோடுதான் வேலைக்குப் போனேன். என் மனைவி உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லியே கேலி செய்வாள். வாயுவைக் கண்டுபிடிக்கும் சென்சார்களுக்கு மோப்பம் அதிகம், ஐயா. மின்னணு மூக்கு என்று ஒரு பெட்டி இருக்கிறது. நேற்று வெங்காயம் நறுக்கிய கையை அது இன்று காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒழுங்கானவன் என்பது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

வீடுகளிலும் விடுதிகளிலும் மாட்டுகிற வாயு அலாரங்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் நான்கு நான்காக வைத்து, பத்து நிமிடம் கார்பன் மோனாக்சைடு விட வேண்டும். பிறகு வால்வைத் திருப்பி நாற்பது நிமிடம் சுத்தக் காற்று விட வேண்டும். அளவு பழையபடி இறங்கினால்தான் கருவி தேறும். அந்த நாற்பது நிமிடம் ஆளைச் சாகடித்துவிடும்.

ஒரு முதியோர் இல்லத்துக்கு அறுபது அலாரங்கள் போக வேண்டியிருந்தது. முதல் நான்கை முறையாக ஓட்டினேன். மீதி ஐம்பத்தாறுக்கும் அளவுகளை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அனுபவம் என்று ஒன்று இருக்கிறது.

என் ஒரே மகளின் கணவனும் அங்கேதான் வேலை பார்த்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். வேலையில் சார், வீட்டில் மாமா. மரியாதை தெரிந்த பையன். அந்த மரியாதை எனக்கு முதல் நாளிலிருந்தே உறுத்தியது.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான்.

“மாமா, அந்த அறுபதையும் முழுசா ஓட்டிட்டீங்களா?”

“ஓட்டாமலா கையெழுத்துப் போடுவேன்?”

“இல்ல, கூண்டோட பதிவுல ஒரே ஒரு தடவ ஓடினதாத்தான் இருக்கு. அதான் கேட்டேன்.”

“சாப்பிடும்போதாவது ஆபீஸ் பேச்ச விடுங்களேன்” என்று என் மகள் அவனை அடக்கினாள். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அப்புறம் இருவரும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன், ஆனால் பார்த்தேன்.

அதன் பிறகு என் கண் அவன் மேலேயே இருந்தது. மதிய வேளையில் எங்களோடு சாப்பிட வருவதை நிறுத்திவிட்டான். கூண்டுக்கு ஈரக்காற்று கொடுக்கிற குடுவையில் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை குறைந்தது; அந்த நேரத்தில் யாரோ கூண்டை ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். அறுபது அலாரங்களும் அனுப்பப்படாமல் கிடங்கிலேயே இருந்தன. கிடங்குக்காரரைக் கேட்டால், “உங்க மாப்பிள்ளதான் ரெண்டு வாரம் பொறுக்கச் சொன்னார்” என்றார். படிக்கட்டுக்குக் கீழே போனில் அவன் பேசியது என் காதில் விழுந்தது: “அவருக்குத் தெரியாம முடிச்சிடணும்.” அந்தப் பக்கம் கேட்டது என் மகளின் குரல்.

எனக்குப் பயமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. வேலை போகும், வழக்கு வரும், இருபத்தாறு வருடப் பெயர் ஒரே நாளில் நாறிவிடும். அதையும் என் வீட்டில் என் சோற்றைத் தின்றுகொண்டே செய்கிறார்கள்.

கூண்டிலிருந்து வாயுவை வெளியே கொண்டுபோகிற ரப்பர் குழாய் பின்பக்கம் வெடித்திருந்ததைச் செவ்வாய்க்கிழமை மாலை கவனித்தேன். புதுக் குழாய் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூண்டு இருக்கிற அறையின் சுவரிலும் ஓர் அலாரம் உண்டு. தினமும் காலையில் அதற்கு ஜீரோ வைக்க வேண்டும். சுத்தக் காற்றைக் காட்டி, இதுதான் ஒன்றுமில்லாத நிலை என்று சொல்லிக்கொடுப்பது. புதன்கிழமை காலை நான் அதற்குச் சுத்தக் காற்றைக் காட்டவில்லை. சோதனைக்கு வைத்திருந்த வாயுவைக் காட்டி, பொத்தானை அழுத்தினேன். நான் சொன்னதை அது அப்படியே நம்பியது. கருவிகளிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான்.

மதியம் மற்றவர்களோடு சாப்பிடப் போனேன். அவன் வரவில்லை. குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். சொன்னேன், எல்லோரும் ஆமாம் என்றார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தது நான்தான். கூண்டின் முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தான். வால்வு இன்னும் வாயுப் பக்கமே இருந்தது. அதைச் சுத்தக் காற்றுக்குத் திருப்ப அவனுக்குத் தெம்பு இருந்திருக்காது. விதிப்படி முதலில் ஜன்னல்களைத் திறந்தேன். சுவர் அலாரம் ஜீரோ காட்டியது. பதிவேட்டில் ஜீரோ என்று எழுதினேன்.

அவனுடைய நோட்டை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். ஒரு மதியத்துக்கு நான்காக, பதின்மூன்று மதியங்களில் ஐம்பத்திரண்டு அலாரங்களை முழுமையாக ஓட்டியிருக்கிறான். ஐந்து தேறவில்லை. ‘இந்த அஞ்சையும் மாத்திட்டு, மாமாவோட பழைய அறிக்கையைக் கிழிச்சிடணும். அவர் மேல கேஸ் வராது’ என்று ஓரத்தில் எழுதியிருந்தான். எழுத்து அவனுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நேற்று என் மகள் வந்திருந்தாள். “அவர் உங்களக் காப்பாத்தத்தாம்பா அலைஞ்சாரு” என்றாள். உடனே எழுந்து போய்விட்டாள். அவள் அப்படிப்பட்ட பெண்ணே இல்லை. யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளைப் பார்க்க யார் யார் வந்து போகிறார்கள் என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள், ஐயா.