பாகூரில் மலை சைக்கிள்

பாகூர் ஏரிக்கரைக்குப் பக்கத்தில், காலைநேரப் பால் சொசைட்டி வரிசையில், எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். பால் கேன் அவன் தலையில் இருந்தது. மனைவி பிடித்திருந்த பழைய சைக்கிளில் கேரியரும் இல்லை, மட்கார்டும் இல்லை.

"அமெரிக்காவுல மலை சைக்கிள இப்டித்தாண்டி ஆரம்பிச்சாங்க," என்றான் அவன். "பழைய கனத்த சைக்கிளாப் புடிச்சி, லேசாப் போவணும்னு தேவையில்லாததையெல்லாம் கழட்டிக் கடாசிட்டாங்க."

"அவங்க அதுல பால் கேன் கட்னாங்களா?"

"இல்ல. லாரியில மலை மேல ஏத்திக்கினு போயி, அங்கேர்ந்து வுடுவாங்க. கீழ வர்றதுக்குள்ள, பின்சக்கரத்துக்குள்ள இருக்குற பிரேக்கு சூடாயி கிரீஸெல்லாம் பொகையாப் போயிடும். ஒவ்வொரு தபாவும் புது கிரீஸ் வெக்கணும்."

"ஏறுறதுக்கு லாரி, எறங்குறதுக்கு சைக்கிளு. நல்ல பொழப்பு. இங்க மலை எங்கய்யா இருக்குது?"

"ஏரிக்கரை இருக்குதே."

"அதுல ஆடே மூச்சு வாங்காம ஏறுது. கேரியர மறுபடி மாட்டித் தொலையேன்."

"நேத்தே பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அப்ப புதுசு வர்ற வரைக்கும் ரெண்டு வேளையும் கேன் உன் தலையிலதான்," என்றாள் அவள்.

பாலை ஊற்றியதும் காலி கேனை அவன் தலையில் ஏற்றிவிட்டு, அவள் சைக்கிளில் ஏறினாள். ஏரிக்கரை இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் தானாக ஓடியது.

"நீ சொன்னது மெய்தான்யா," என்றாள் திரும்பிப் பார்க்காமலே. "லேசாத்தான் போவுது."