பிள்ளைக்காம்பரா ஆயாவின் சாட்சி

பலாங்கொடை பஸ்ஸின் கடைசி சீட்டில் அன்று மூன்று பேர்: தாய்மார் வேலைக்குப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் எஸ்டேட் பிள்ளைக்காம்பராவின் ஆயா, கோர்ட்டில் சாட்சி சொல்லித் திரும்பியவள், அவளுடைய நாத்தனார், ஜன்னலோரம் நான்.

"தொட்டில்லருந்து விழுந்துச்சுன்னுதானே அண்ணி, அந்தப் புள்ளையோட தகப்பன் சொன்னான்?"

"ஒடம்புல ஒரு கீறல் இல்ல. ஆனா பால் போத்தல ஆட்டுனா, ஆறு மாசப் புள்ள, கண்ணு அது பின்னாலயே வரல. தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். கண்ணுக்குள்ள ரத்தம், புடிச்சுக் குலுக்கியிருக்காங்கன்னு டாக்டர் எழுதிட்டாரு."

அந்தத் தகப்பனின் ஆட்கள் பஸ்ஸில் இருப்பார்களோ என்று முன் சீட்டுகளை எட்டிப் பார்த்தேன். ஆயா குரலைத் தாழ்த்தவே இல்லை.

"அவன் லோயர் 'நீ என்ன டாக்டரா?'ன்னான். 'இல்லீங்க, தெனம் பதினேழு புள்ளைங்க கண்ணைப் பாக்குறவ'ன்னு சிங்களத்துலயே சொன்னேன்."

"புள்ள?"

"சித்திகிட்ட குடுத்துட்டாங்க. அவன் கிட்டயே போகக்கூடாதாம்."

நாத்தனார் ஆயாவின் தொடையில் தட்டினாள்.

"ஒங்கள வாயில்லாப் பூச்சின்னு சொல்லித்தானே எங்கண்ணனுக்குக் கட்டி வச்சாங்க!"