கன்வெர்ட்டரைக் கழற்றியதால் அல்ல

சத்தம் கூடினால் வேகமும் கூடிவிட்டதாக நம்புகிறவர்கள் இருக்கும்வரை என் ஒர்க்‌ஷாப்பில் வேலை குறையாது. அவர்களைத் திருத்த நான் முயல்வதில்லை. என் தங்கை வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் முயன்றேன். சொந்தமாகிப் போய்விட்டாரே.

மாப்பிள்ளைக்கு வீடு, மனை வாங்கி விற்றுத் தரும் தரகு வேலை. எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும், கேட்காவிட்டாலும் இருக்கும். ஆபரேஷன் முடிந்து கண் விழித்த என் அம்மாவிடம், டாக்டர் எங்கே தப்புச் செய்தார் என்று விளக்கிய மனிதர் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தார்.

"மச்சான், சைலன்சருக்கு முன்னாடி கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்குல்ல, அதக் கழட்டிப் போட்டா வண்டி பறக்குமாம். இன்ஜினை அது மூச்சு விடவே விடாதாம்."

போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். நான் பொறுமையாகத்தான் சொன்னேன். அது அடைத்துப்போயிருந்தால் இன்ஜின் திணறும், உண்மைதான். நல்ல நிலையில் இருப்பதைக் கழற்றினால் கூடுகிற சக்தி உங்கள் காலுக்குத் தெரியக்கூடத் தெரியாது. சென்சார் குழம்பி எச்சரிக்கை விளக்கு எரியும், புகை சுத்தமாகாமல் அப்படியே வெளியேறும், சட்டப்படியும் குற்றம். வேண்டாம் என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார். "உங்க அண்ணனுக்குத் தொழில்ல கொஞ்சம் பயம் வந்திடுச்சு."

தங்கை சிரித்தாள். அம்மா, "மாப்பிள்ளை ஆசப்படறாரு, செஞ்சு குடேன்டா" என்றாள்.

செய்து கொடுத்தேன். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் மாட்டினேன். முன்னும் பின்னும் ஒரே மேட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை, சத்தத்தைத் தவிர. அதையும் சொன்னேன். என் வேலையாட்கள் முன்னால், "உங்க காலுக்கு உணர்ச்சி செத்துப்போச்சு மச்சான்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் சொந்தக்காரர்கள் வண்டி வாங்குவதென்றால் அவரிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். என்னிடம் பஞ்சர் ஒட்ட வந்தார்கள்.

நான் கோபக்காரன் இல்லை. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

கிளட்ச் வேலைக்காக அந்தக் கார் திரும்ப வந்தது. லிஃப்ட்டில் ஏற்றியபோது, பின்சீட்டுக்கு அடியில் தரைத் தகட்டின் ஓட்டையை அடைத்திருக்கும் ரப்பர் மூடி கண்ணில் பட்டது. அது தானாக விழுந்திருக்கலாம் என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். தானாக விழவில்லை. நான்தான் பிடுங்கினேன். அதற்குப் பக்கத்தில் இருந்த புகைக்குழாய் இணைப்பையும் கொஞ்சம் தளர்த்தினேன். சத்தம் இன்னும் கூடியது. மாப்பிள்ளைக்கு ஏக சந்தோஷம்.

எனக்கு வேண்டியதெல்லாம் அவருக்கு ஒரு தலைவலி. தலையைப் பிடித்துக்கொண்டு வந்து, "நீங்க சொன்னதுதான் சரி, பழையபடி மாட்டிடுங்க" என்று சொல்ல வேண்டும். இது அநியாயமான ஆசையா? ஆனால் அவர் சிகரெட் பிடிக்கிறவர். ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டுவார். நோகாமல் தப்பிக்கிற ஜாதகம்.

தங்கைதான் போன் செய்தாள். "அண்ணே, வண்டியில பின்னாடி உக்காந்தாலே தல கிறுகிறுங்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. என்னன்னு பாரேன்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு. அவருக்குத் தெரியாததா" என்றேன்.

அவள் கேட்டிருக்கிறாள். பித்தமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு நல்ல மழை. ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டப் போனார். கூடப் போன தங்கை, தலை வலிக்கிறது என்று பின்சீட்டிலேயே படுத்துவிட்டாள். ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை நிறுத்தாமல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இவர் உள்ளே போனார். எதையும் சுருக்கமாகப் பேசத் தெரியாத மனிதர். சமையலறையில் தொடங்கி மொட்டைமாடி வரை விளக்கி முடித்துத் திரும்பியபோது, அவள் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதார். "நீங்க அப்பவே சொன்னீங்க மச்சான். நான்தான் கேக்கல."

அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு அத்தனை மாதம் ஆகியிருந்தது. முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். உங்கள் அறிக்கைதான் என்னை இந்த ஸ்டேஷனுக்கு வரவழைத்தது. கன்வெர்ட்டரைக் கழற்றியதால் விஷப்புகை காருக்குள் நுழைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதியவர் ஒரு காரின் அடிவயிற்றைக் குனிந்தாவது பார்த்திருக்கிறாரா? அது இல்லாத வண்டியின் புகையில் விஷம் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் புகை பின்னால் போய்விடும். உள்ளே வர அதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைச் செய்தவன் நான். மாப்பிள்ளையோ, பார்க்கிறவர்களிடமெல்லாம் தானே அவளைக் கொன்றுவிட்டதாகச் சொல்லி அழுதுகொண்டிருக்கிறார். அடுத்தவன் செய்த வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது அவருக்குப் புதிதில்லை.

தங்கை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவள் இருந்திருந்தால், அண்ணன் பக்கம்தான் நியாயம் என்று அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள்.