அக்கா கேட்டுக்கொண்டிருந்த பத்தொன்பது நிமிடம்

நான் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டில் யாருக்காவது உடனே தும்மல் வரும். குறையாகச் சொல்லவில்லை, இருபத்தாறு வருடமாகப் பார்த்துவருவதைச் சொல்கிறேன். "இன்னைக்கு ஆஸ்பத்திரியில..." என்று தொடங்கினால் போதும், "கூட்டமா இருந்துச்சா" என்று என் கணவர் அதை முடித்துவைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். நல்ல மனிதர். என் வாக்கியங்கள் எங்கே போய் நிற்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். நீங்கள் மூன்று பேரும் அப்படியில்லை. உட்காரச் சொன்னீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், பேனாவைத் திறந்துகொண்டீர்கள். விசாரணைக் குழு என்றதும் கொஞ்சம் பயந்துதான் வந்தேன். இவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் டாக்டர் நான். "ஓ, நீங்களும் டாக்டரா" என்று கேட்பவர்களிடம் கோபித்துக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டேன். குணமாகிப் போகிறவர்கள் அறுத்துத் தைத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார்கள். அந்த மூன்று மணி நேரமும் அவர்களுக்காக மூச்சு விட்டவள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். என்னை வழிவிடச் சொல்வார்கள். தொழிலில் எனக்கு வாய்க்கிற உரையாடலும் சின்னதுதான். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள் என்பேன். நாலைத் தாண்டியவர் கிடையாது.

உங்களில் ஒருவர் வக்கீல் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாங்கள் தருவது மூன்று மருந்து. தூங்கவைக்க ஒன்று, வலி தெரியாமலிருக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று. மூன்றாவது உள்ளே போனால் உடம்பு ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். விரலை அசைக்க முடியாது, இமையைத் தூக்க முடியாது, மூச்சைக்கூட இயந்திரம்தான் விடும். வயிற்றைத் திறப்பவருக்கு அப்படி இருந்தால்தான் வசதி. வேலை முடிந்ததும் அந்தத் தளர்ச்சியை முறிக்க ஓர் ஊசி போட வேண்டும். முன்பிருந்த முறிவு மருந்துக்கு நிதானம் அதிகம். கால்மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சமயத்தில் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டும் போகும். ஆறு வருடத்துக்கு முன் புதியது வந்தது. இது தளர்த்தும் மருந்தைத் தேடிப் பிடித்து, மடியில் போட்டு மூடிக்கொண்டுவிடும். இரண்டே நிமிடம். மணிக்கட்டில் ஒட்டிய கருவியைத் தட்டினால், தளர்ச்சி விட்டதற்கு அடையாளமாகக் கட்டைவிரல் நான்கு முறை ஒழுங்காகத் துடிக்கும். எப்போது விரும்புகிறோமோ அப்போது ஆளை எழுப்பிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை. என் மேல் தப்பு சொல்கிறவர்கள் அந்த 'எப்போது விரும்புகிறோமோ' என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

முதல் தடவை அது தானாக நடந்தது. ஒரு தலைமை ஆசிரியர், குடலிறக்கம். தையல் முடிந்துவிட்டது, தூக்க வாயுவை மூடிவிட்டேன், திரும்பிப் பார்த்தால் தட்டில் முறிவு மருந்து இல்லை. எடுத்துவர நர்ஸ் அக்கா மருந்தகத்துக்கு ஓடினார். அந்த இடைவெளியில் தலைமை ஆசிரியரின் நாடித்துடிப்பு ஏறியது. இமைகளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வந்து நின்றது. விழித்துவிட்டார் என்று தெரிந்தது. வாயுவைத் திரும்பத் திறந்து தூங்கவைத்திருக்கலாம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். குனிந்து, "பயப்படாதீங்க சார், ஆப்பரேஷன் முடிஞ்சிடுச்சு, மருந்து வந்துட்டே இருக்கு" என்றேன். அதற்கப்புறமும் நேரம் இருந்தது. சும்மா நிற்பானேன் என்று எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னேன்.

அவர் கேட்டார். நாற்பது வருடம் பிறர் தன்னைக் கேட்கும்படி பேசிய மனிதர், இமைக்காமல் கேட்டார். குழாய் ரிப்பேர்க்காரர் வந்தது, தப்பான வாஷரைப் போட்டது, நான் ஒன்று சொன்னது, அவர் ஒன்று சொன்னது, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரே வந்து சரி செய்தது எல்லாம் சொல்லி முடித்தேன். முடித்தேன் என்பதைக் கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். நர்ஸ் அக்கா மருந்தோடு வந்தபோது நான் ஒரு குழந்தையைப் பெற்றெடுத்தவள் போல நிறைவாக இருந்தேன்.

மாலையில் வார்டுக்குப் போய், கனவு ஏதாவது வந்ததா என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "சவப்பெட்டிக்குள்ள படுத்திருக்கேன் டாக்டர். உயிரோடதான். வெளியில ஒரு அம்மா குழாய் ரிப்பேர் பத்திப் பேசிட்டே இருக்காங்க. நிறுத்தவே மாட்டேங்கறாங்க."

மயக்க மருந்து அப்படித்தான் சார், கண்டதையும் காட்டும் என்றேன். 'நிறுத்தவே மாட்டேங்கறாங்க' என்றது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. நாலு நிமிடம்தான் பேசினேன்.

இரண்டாவது தடவை மருந்து தட்டிலேயே இருந்தது.

கண்டபடி செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளை விட்டுவிடுவேன், இதயக் கோளாறு உள்ளவர்களை விட்டுவிடுவேன், அறுபத்தைந்து தாண்டியவர்களிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை. மூச்சு இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவருக்கும் ஆக்சிஜன் குறைந்தது கிடையாது. வலி மருந்து போட்டிருப்பேன், ஓரளவு வலித்திருக்கலாம். பேசத் தொடங்குவதற்கு முன் மறதிக்காகச் சின்ன ஊசி ஒன்றும் போடுவேன், தலைமை ஆசிரியர் மாதிரி யாரும் சங்கடப்பட வேண்டாமே என்று. பெரும்பாலும் வாயாடிகளைத்தான் தேர்ந்தெடுத்தேன். வீடு விற்றுக் கொடுக்கும் தரகர், மேடைப் பேச்சாளர், முடி வெட்டுகிறவர். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் பார்க்கட்டும் என்று ஒரு நல்லெண்ணம்தான்.

அறுத்தவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய்விடுவார். நர்ஸ் அக்கா அந்தப் பக்கம் கத்திரிகளையும் பஞ்சையும் எண்ணிக்கொண்டிருப்பார். திரைக்கு இந்தப் பக்கம் தலைமாட்டில் நானும் அவர்களும் மட்டும். நான் குனிந்து காதோரம் பேசுவதைப் பார்த்து நர்ஸ் அக்கா ஒருநாள் உருகிப்போய், "நோயாளிகிட்ட இவ்வளவு அன்பா பேசுற டாக்டர நான் பாத்ததே இல்ல" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அக்காவிடம் வருகிறேன். என் கூடப்பிறந்த அக்கா, மூன்று வயது மூத்தவள்.

அக்கா பேசினால் கடிகாரம் நின்று கேட்கும். அவளுடைய சொந்தக் கதைகள் தீர்ந்துபோய் என்னுடையதை எடுத்துக்கொள்வாள். எனக்கு எட்டு வயதில் நாய் கடித்தது. தழும்பு இன்னும் என் காலில் இருக்கிறது. முப்பது வருடமாக எல்லா விருந்திலும் அந்த நாய் அவளைத்தான் கடிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "நீ அப்ப சின்னக் குழந்தைடி, உனக்கு ஞாபகம் இருக்காது" என்று எனக்கும் ஒரு வாய் ஆறுதல் கிடைக்கும்.

அம்மா இறந்தபோதும் அப்படித்தான். கடைசி மணி நேரத்தில் படுக்கையருகே நான் மட்டும்தான் இருந்தேன். அக்கா வெளியே உறவுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைத் திறந்து வெளியே வந்து, "அம்மா..." என்றேன். அக்கா அழுதபடி என்னைக் கட்டிக்கொண்டு, அம்மா கடைசியாக என்ன நினைத்திருப்பாள் என்று எல்லோருக்கும் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். நன்றாகவே சொன்னாள், நானே அழுதேன். பதினோரு வருடம் ஆகிறது. அம்மா உண்மையில் என்ன சொன்னாள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

போன மாதம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். வேறு மயக்க டாக்டரை ஏற்பாடு செய்கிறேன் என்றுதான் சொன்னேன். சொந்தக்காரருக்கு நாங்கள் மயக்கம் கொடுப்பதில்லை. அவள் பிடிவாதமாக, "நீ என் தலைமாட்டுல நின்னாத்தான் நான் படுப்பேன்" என்றாள். அத்தானும் கெஞ்சினார். எண்ணச் சொன்னபோது அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணாமல், மேலே இருந்த விளக்கு அவள் வீட்டுக் கூடத்து விளக்கைவிடச் சின்னது என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

பித்தப்பை வெளியே வந்தது, சுத்தமான வேலை. அடுத்த ஆப்பரேஷன் ரத்தாகிவிட்டதால் அறுத்தவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனார். அக்கா மெல்லத்தான் எழுவாள், அவசரம் வேண்டாம் என்று நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்குத் தூக்க வாயுவை மூடினேன். மறதி ஊசி போட மனம் வரவில்லை. அவள் மறந்துவிட்டால் இன்னொரு முப்பது வருடம் யார் காத்திருப்பது.

நாய்க் கதையில் தொடங்கினேன். பிறகு நான் பரீட்சையில் முதலாவதாக வந்த அன்று ஓடிவந்து சொன்னபோது, அவள் தையல்காரர் சட்டையைக் கெடுத்துவிட்ட கதையைச் சொல்லி முடிக்க இரவாகிவிட்டதைச் சொன்னேன். என் முதல் பிரசவத்தில் நான் பட்ட வலியை அவளே எனக்கு விவரித்ததைச் சொன்னேன். நாடித்துடிப்பு நூற்று நாற்பது போயிற்று. எச்சரிக்கை மணி பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அமர்த்திவைத்தேன். பஞ்சால் அவள் கண்ணோரத்தை அடிக்கடி துடைத்துவிட்டேன்.

நடுவில் அவள் கட்டைவிரல் ஒரு தடவை துடித்தது. தளர்ச்சி தானாகக் குறைய ஆரம்பித்திருந்தது. அம்மா கதை இன்னும் பாக்கி இருந்தது. அதனால் தளர்த்தும் மருந்தை இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். நீங்கள் பேனாவை நிறுத்த வேண்டாம், அந்தப் பதிவும் இயந்திரத்தில் இருக்கிறது, நான் மறைக்கவில்லை.

பிறகு அம்மா சொன்னதைச் சொன்னேன். அம்மா சொன்ன குரலிலேயே சொன்னேன். "பெரியவள பாத்துக்கோடி. அவ பேசறதெல்லாம் பயத்துல பேசறது. சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு அமைதின்னா பயம். கேக்க ஆள் இல்லன்னா ஒடிஞ்சு போயிடுவா."

அவ்வளவுதான். என்னைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு ஒன்றுக்கு முறிவு மருந்தைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் நான்கு துடிப்பும் வந்தது. தொண்டையிலிருந்த மூச்சு இயந்திரக் குழாயை வெளியே எடுத்து, "அக்கா, வாயத் திற பாப்போம்" என்றேன். திறந்தாள்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. தொண்டை டாக்டர் உள்ளே விளக்குவிட்டுப் பார்த்தார், குரல்நாணில் ஒரு கீறல் இல்லை. அத்தான் தினமும் போன் செய்தார். விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள், போர்வையைக் கழுத்துக்கு மேல் இழுக்க விடுவதில்லை என்றார். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நாள் முழுக்கப் பேசினேன். இடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அத்தான் கதவைத் திறக்கவில்லை. வாசலுக்கு உள்ளிருந்தபடியே, "நீ வந்துட்டுப் போனா அவ ராத்திரி சுவத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருக்கா. தயவுசெஞ்சு வராத" என்றார். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உள்ளே போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் பழக்கம் அப்படி.

அதற்கு அடுத்த வாரம்தான் அவள் எழுதத் தொடங்கியிருக்கிறாள். அத்தான் அதைக் கொண்டுபோய் மருத்துவமனை இயக்குநரிடம் கொடுக்க, இயந்திரத்தின் பதிவுகளைத் தேதிவாரியாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாயு மூடிய நேரத்துக்கும் முறிவு மருந்துக்கும் நடுவில் சும்மா கிடந்த நிமிடங்களை யாரோ பொறுமையாகக் கூட்டியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு பேர் என்று உங்கள் தாளில் இருக்கிறது. நாற்பத்து மூன்று. விட்டுப்போன ஐந்து பேரின் தேதியை இந்தத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். எல்லாம் வேண்டுமென்றே செய்ததுதான். மருந்தின் மேல் தப்பில்லை, அது கூப்பிட்டபோதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.

அக்கா எழுதிய ஏழு பக்கத்தை நேற்று உங்கள் அலுவலகத்தில் படிக்கக் கொடுத்தார்கள். இரண்டு தடவை படித்தேன். நான் சொன்ன வரிசையிலேயே, நான் சொன்ன வார்த்தைகளிலேயே இருக்கிறது. ஓரிடத்தில் வருடம் மட்டும் மாறியிருக்கிறது, பென்சிலால் குறித்திருக்கிறேன். மற்றபடி ஒரு சொல் விட்டுப்போகவில்லை. அவளுக்குக் கொடுமை செய்துவிட்டேன் என்கிறார்கள். பிடிக்காத பேச்சை ஒருத்தி இவ்வளவு அக்கறையாக ஞாபகம் வைத்துக்கொள்வாளா, நீங்களே சொல்லுங்கள்.