எட்டு மில்லிநொடி வேறுபாடு குறித்து எங்கள் தலைவிக்கு

இதயத் தசையில் மின்துடிப்பு எந்த இடத்தை எந்தக் கணத்தில் எட்டுகிறது என்பதைக் கணினியில் கண்டறியும் கலையில் கரைகண்டவரே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காது உழைத்த முதன்மையாளரே! முதுகுக்குப் பின்னால் 'மில்லிசெகண்ட் மேடம்' என்று நாங்கள் அழைத்ததை அறிந்தும் அறியாதவர்போல் நகைத்த அம்மையே! வணக்கம்.

தாங்கள் எழுதிய நிரல், தசையின் ஒவ்வொரு புள்ளிக்கும் துடிப்பு வந்துசேரும் நேரத்தைக் கணித்தது. கணினி சொன்னால் போதுமா? உண்மைத் தசையில் பதிவான அலைகளை எடுத்துக்கொண்டு இருவர் முதுகோடு முதுகாக அமர வேண்டும். அலை செங்குத்தாய்ச் சரியும் இடமே துடிப்பு வந்த கணம்; அதைத் தனித்தனியே குறிக்க வேண்டும். அதனோடு கணினியின் நேரம் பொருந்த வேண்டும். இது தாங்கள் வகுத்த விதி. தேநீர் குடிக்கக்கூட அந்த நாற்காலிகளைத் திருப்ப விட்டதில்லை!

தாங்கள் ஓய்வுபெறும் இவ்விழாவில் வாசிக்க எங்களை எழுதச் சொன்னது பாராட்டு மடல். எழுத வருவது வேறு.

ஆறு ஆண்டுகளுக்கு முன், தாங்கள் கருத்தரங்குக்குச் சென்றிருந்த ஒரு பிற்பகலில், அலுப்பும் அவசரமுமாய் ஒருவர் தவறான சரிவைக் குறிக்க, மற்றவர் எட்டிப் பார்த்து அதையே எழுதிவிட்டார். கணினியோ எட்டு மில்லிநொடி விலகி நின்றது. திரும்பி வந்த தாங்கள் எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ரெண்டு பேரு தனித்தனியா பார்த்து ஒண்ணையே சொல்றீங்க. அப்ப தப்பு என்னோடதுதான்" என்றீர்கள்.

மருத்துவமனைக்குப் போகவிருந்த நிரலைத் தாங்களே தடுத்து நிறுத்தினீர்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் மறந்து, இல்லாத பிழையை வரிவரியாய்த் தேடினீர்கள், ஆறு ஆண்டுகள்! நாங்கள் முதலில் வெட்கத்தால் வாய் மூடினோம். பிறகு, இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு சொல்வது என்று மூடியே இருந்தோம்.

சென்ற வாரம் அவ்வலைகளைத் தங்கள் விதிப்படியே மீண்டும் குறித்தோம். தங்கள் நிரல் அன்று சொன்னதுதான் சரி. நடந்ததை மறைக்காமல் மருத்துவமனைக்கும் இன்று காலை எழுதிவிட்டோம்.

நம்பியதைத் தவிர வேறு பிழை அறியாத நல்லவரே! இந்த மேடையில் மன்னிப்புக் கேட்டுத் தங்களைச் சங்கடப்படுத்த மாட்டோம். நலம் குன்றாது, நடை தளராது நீடு வாழ்க! எங்களால் வீணான ஆறு ஆண்டுகளும் தங்கள் ஆயுளில் மேலதிகமாய்ச் சேர்க!

இவண்,
தவறாகக் குறித்தவர்,
பார்த்து எழுதியவர்,
தெரிந்தும் பேசாத மற்ற எல்லோரும்.