துணைக்கு ஏறியவர்

நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். மூடிக் கிடக்கிற கிடங்குகளுக்கு நடுவே போகிற சாலை. இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு. விளக்குக் கம்பம் உண்டு... விளக்கு கிடையாது.

கிட்ட வந்து உட்காருங்கள். கதவை ஒட்டி யாரும் இருக்க வேண்டாம், அவ்வளவுதான். இது எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதனுடைய சின்ன மாமாவுக்கு நடந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர். சொந்தக்காரர்கள் அவருக்கு 'சைரன்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வண்டியால் வந்த பெயர் இல்லை, குறட்டையால் வந்தது. யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "போங்கடா, செத்தவங்களை ஏத்தி இறக்கித்தான் நான் சோறு திங்கிறேன்" என்று எழுந்து போய்விடுவார். அந்த மனிதருக்குத்தான் இது நடந்தது.

அன்றைக்கு அவர் ஏற்றப் போனது நோயாளியை இல்லை. ஒரு சாட்சியை.

பாதுகாப்புத் துறைக்காரர்கள் ஆட்களை விசாரணைக்கென்று கூட்டிப் போவார்கள். விசாரணை என்றால் கேள்வி கேட்பது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களை ஒளித்து வைத்து, வைத்தியம் பார்த்து, நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற சின்னக் கூட்டம் ஒன்று இருந்தது. ஒரு வக்கீலம்மாதான் அதற்குத் தலை. மாமா லீவு நாட்களில் அவர்களுக்கு வண்டி ஓட்டுவார். ஏன் இந்த வேண்டாத வேலை என்று அத்தை கேட்டால், "யாராவது ஓட்டணும்ல" என்பார்.

அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கதவைத் திறக்கிறேன்... இப்போது விளக்குப் போடுகிறேன்... உங்கள் கையைப் பிடிக்கட்டுமா... இப்படி. அடி வாங்கி வந்தவர்களுக்குச் சொல்லாமல் கேட்கிற சத்தம் ஒவ்வொன்றும் அடிதான். பெயர் கேட்கக் கூடாது. முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. மாமா இதையெல்லாம் பழகிப் பழகி, வீட்டில் தன் பிள்ளைகளிடம்கூட, "அப்பா இப்ப போர்வையை இழுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இழுப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அன்றைய சாட்சி ஒரு தையல்காரர். அவரோடு அதே அறையில் ஒரு பையனையும் அடைத்து வைத்திருந்தார்கள். தையல்காரர் வெளியே வந்துவிட்டார். பையன் வரவில்லை. அவனை நாங்கள் பிடிக்கவே இல்லை, எங்கேயாவது ஓடிப் போயிருப்பான் என்று பாதுகாப்புத் துறை அலுவலகம் சாதித்தது. பையனின் அம்மா வழக்குப் போட்டாள். அவன் அங்கே இருந்ததைப் பார்த்த ஒரே ஆள் தையல்காரர். காலையில் அவர் நீதிபதியிடம் வாயைத் திறந்தால்தான் அந்த அம்மாவுக்குப் பிள்ளையின் உடம்பாவது கிடைக்கும்.

துணி வெளுக்கிற கடை ஒன்றின் பின்கட்டில் அவர் ஒளிந்திருந்தார். மாமா வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தி, விளக்கை அணைத்தார். கதவு திறந்தது. சோடா உப்பு வாசனை... நீராவி வாசனை... தையல்காரர் வெளியே வந்தார். வலது கைக் கட்டைவிரல் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது.

வந்ததும் வராததுமாக அவர் மாமாவின் காதருகே சொன்னார். "அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் யாரையும் பாக்கலைன்னு சொல்லிடப் போறேன். தினமும் போன் பண்றாங்க. எம்பொண்ணு ஸ்கூல் விட்டு எந்த வழியா வர்றா, இன்னைக்கு என்ன கலர் ரிப்பன் கட்டியிருக்கா, எல்லாம் சொல்றாங்க."

மாமாவுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. இத்தனை ராத்திரிகள், இத்தனை பேர்... மனசு மரத்துப் போயிருந்தது. "உங்க இஷ்டம்ண்ணே. ஏறுங்க. கதவைத் திறக்கிறேன்" என்றார்.

தையல்காரர் ஏறி ஸ்ட்ரெச்சர் ஓரத்தில் உட்கார்ந்தார். மாமா கதவைச் சாத்தப் போனார். அப்போதுதான் பார்த்தார்... இருட்டில் இன்னும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

சாட்சியோடு துணைக்கு ஒருவரை அனுப்புவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். அந்தத் துணையும் பெரும்பாலும் அடிபட்டு மீண்டவராகத்தான் இருப்பார். நின்றவர் செருப்புப் போடவில்லை. பாதத்தைத் தரையில் முழுசாக ஊன்றாமல் விளிம்பாலேயே நடந்து வந்தார். உள்ளங்காலில் அடி வாங்கியவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். மாமாவுக்கு அந்த நடை பழகிப்போன நடை. அதனால் யோசிக்கவே இல்லை. பெயர் கேட்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. எது எது செய்யக் கூடாதோ அதையெல்லாம் செய்யாமல் இருந்தார்.

"நீங்களும் ஏறிக்கங்கண்ணே. நான் தொட மாட்டேன். மெதுவா வாங்க."

அவர் ஏறி, துணைக்கு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டியின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. நனைந்த சாக்கு வாசனை... அதற்குள் கொஞ்சம் துரு வாசனை. "கதவைச் சாத்துறேன்" என்று சொல்லிவிட்டு மாமா சாத்தினார்.

வண்டி கிளம்பியது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அது பாதி திறந்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ம்."

தையல்காரர்தான். ராத்திரியில் கதை கேட்கிறவர்கள் ம் கொட்டுவார்களே, அந்த ம்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி... "ம்."

கதை சொல்கிறவரின் குரல் மட்டும் கேட்கவே இல்லை. ரகசியம் பேசுகிறார்கள் போல என்று மாமா நினைத்துக்கொண்டார். டயர் சத்தம்... தகரம் காற்றில் படபடக்கிற சத்தம்... நடுநடுவே ம். ஒரு தடவை தையல்காரர், "ஐயோ, அப்புறம்?" என்று கேட்டார். அப்புறம் மறுபடியும் ம்.

கிடங்குகள் முடிகிற இடத்தில் நம்பர் பிளேட் இல்லாத வெள்ளைக் கார் ஒன்று சாலையை மறித்து நின்றது.

மூன்று பேர். சாதாரணச் சட்டை, பேன்ட். நடுவில் நின்றவர்தான் அந்த அலுவலகத்தின் அதிகாரி. வாயில் கிராம்பு மென்றுகொண்டிருந்தார். ரொம்ப மரியாதைக்காரர். "டிரைவர் சார், சாவியைக் குடுக்குறீங்களா?" என்றார். மாமா இறங்கிக் கொடுத்தார். "பின்னால யாரு?"

"பேஷன்ட் சார்."

"நாங்களும் பாத்து நலம் விசாரிக்கிறோம்."

அவர் சிரித்தார். ஆட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். முடிந்தது, ஆளைத் தூக்கப் போகிறார்கள், நம்மையும் சேர்த்துத்தான் என்று மாமா நினைத்தார். பயம்கூட எங்கேயோ தள்ளி நின்றது.

அதிகாரி பின்கதவை ஒரே இழுப்பில் திறந்தார். டார்ச் அடித்தார். வெளிச்சம் முதலில் தையல்காரர் மேல் விழுந்தது. "என்ன டெய்லரே, சொல்லிக்காமக் கிளம்பிட்டீங்க?" என்று ஆரம்பித்தார். வெளிச்சம் மெல்ல எதிர்ப் பெஞ்சுக்குப் போனது.

போன இடத்திலேயே நின்றுவிட்டது.

கிராம்பு மெல்லும் சத்தம் நின்றது. மாமா வண்டியின் பக்கவாட்டில் நின்றார். அவருக்கு உள்ளே தெரியவில்லை. அதிகாரியின் முகம் மட்டும் தெரிந்தது. கோபமும் இல்லை, பயமும் இல்லை. துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது அது.

ரொம்ப மெதுவாகக் கேட்டார். "இவனை எங்க ஏத்தின?"

"ரெண்டு பேரையும் ஒரே எடத்துலதான் சார்."

அதிகாரி கதவைச் சாத்தினார். சத்தமே வராமல் சாத்தினார். சாவியை மாமா கையில் வைத்தார். அதிகாரியின் கை ஈரமாக இருந்தது. பிறகு திரும்பி நடந்தார். தன் காரைத் தாண்டி நடந்தார்... சாலையில் நேராக, இருட்டுக்குள். "சார்... சார்... எங்க போறீங்க?" என்று ஆட்கள் பின்னாலேயே ஓடினார்கள். செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

மாமா அந்த வெள்ளைக் காரைச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். வேறென்ன செய்வார், சொல்லுங்கள்.

விடிகிற நேரத்தில் நீதிமன்றத்தின் பின்வாசல். வக்கீலம்மா காத்துக்கொண்டிருந்தாள். மாமா, "பின்கதவைத் திறக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திறந்தார். உள்ளே தையல்காரர் மட்டும் இருந்தார். எதிர்ப் பெஞ்சு நனைந்து, கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"துணைக்கு வந்தவரு எங்கம்மா இறங்கினாரு?" என்று மாமா கேட்டார்.

"துணைக்கு ஆளே கிடைக்கலைண்ணே. தனியாத்தான் வருவார்னு உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க."

தையல்காரர் தானாகவே இறங்கினார். "நான் சொல்றேம்மா. எல்லாத்தையும் சொல்லிடுறேன்" என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

விசாரணைக் கூடத்தில் மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முதல் வரிசையில் பையனின் அம்மா. துணிப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். அலுவலகத்தின் சார்பில் வக்கீல் மட்டும் வந்திருந்தார். அதிகாரியின் நாற்காலி காலி.

தையல்காரர் பேசினார். அந்த அறையில் இரண்டு பேர் இருந்தோம் என்றார். பையனைச் சுவரைப் பார்த்தபடி ராத்திரி பகலாக நிற்க வைத்தார்கள், சாய்ந்தால் அடித்தார்கள் என்றார். என்னை வெளியே அனுப்பிய பிறகும் அவனை உட்கார விடவில்லை. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். அலுவலகத்துக்குப் பின்னால், மோட்டார் அறையில், புதுசாகச் சிமென்ட் பூசிய தரைக்கு அடியில் இருக்கிறான் என்றார்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "அப்ப நீங்க வெளியில வந்துட்டீங்களே. இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன்தான் சொன்னான்யா."

"எப்ப?"

"நேத்து ராத்திரி. வண்டியில வரும்போது."

யாரும் சிரிக்கவில்லை. அலுவலகத்தின் வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார்... தையல்காரர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் தானும் பார்த்தார்... உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது வாசல் கதவை. மாமா அதற்குப் பக்கத்தில்தான் இருந்தார். கழுத்தைத் திருப்ப அவரால் முடியவில்லை. நனைந்த சாக்கு வாசனை மட்டும் அவரைக் கடந்து, வரிசைகளுக்கு நடுவே, மெதுவாக முன்னால் போனது.

அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் நகர்ந்தாள்.

"நின்னது போதும்டா. உக்காரு" என்றாள்.

பெஞ்சு கிறீச்சென்றது.